ஈரோட்டில் குடோன், தென்காசியில் உதவியாளர்: விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வைத்து மூன்று வருட அனுபவம்

பவானி ஜமுக்காளம், சென்னிமலை பெட்ஷீட், துண்டு இவற்றை ஈரோட்டில் இருந்து ஆன்லைனில் விற்கிறோம். கட்டுப் போட்டு அனுப்ப குடோனில் ஒரு தம்பி இருக்கிறார். கணக்குக்கு ஆடிட்டர் அலுவலகம். சரக்கு எடுப்பது, தறிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் நானும் வீட்டுக்காரரும். வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, ஆர்டர் எழுதுவது, கொரியர் எங்கே நிற்கிறது என்று துரத்துவது, இந்த மூன்றையும் மூன்று வருடத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொள்பவர் தென்காசிப் பக்கத்தில் தன் வீட்டில் இருந்தே வேலை செய்யும் ஒரு பெண். காலை பத்து முதல் இரண்டு வரை அவர் நேரம். திங்கட்கிழமை மட்டும் சாயங்காலமும் இரண்டு மணி நேரம் உண்டு. அன்று ராத்திரி கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு என்னால் போனைப் பார்க்க முடியாது.

இப்படித் தூரத்தில் இருந்தே நம் வேலையைப் பார்ப்பவரைத்தான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்கிறார்கள். தொழில் செய்யும் தோழிகள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி சம்பளம், இரண்டாவது கேள்வி நம்பிக்கை. இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் இவை இரண்டையும்விடப் பெரிய விஷயம் வேறு. உதவியாளர் தானாகவே எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்பதை எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்பதுதான் அது. வேலையை மட்டும் கொடுத்துவிட்டு முடிவை நாமே வைத்துக்கொண்டால், அவர் ஒவ்வொன்றுக்கும் நம்மைக் கேட்பார். நாம் முன்பு வாடிக்கையாளருக்குச் சொன்ன பதிலை இப்போது உதவியாளருக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். சம்பளமும் போகும், நேரமும் மிஞ்சாது.

இவருக்கு முன்னால் ஒரு ஏஜென்சி மூலம் முயன்றேன். ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜமுக்காளம் என்றால் என்ன என்று ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். சில மாதத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்துத்தான் இவர் கிடைத்தார். நான்கைந்து பேரிடம் பேசினேன். எல்லோருக்கும் எங்களிடம் ஏற்கெனவே வந்த வாடிக்கையாளர் கேள்விகளைக் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன பதில் எழுதுவீர்கள் என்று கேட்டேன். அந்த வேலைக்கும் பணம் கொடுத்தேன். சோதனை வேலையை இலவசமாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றவர்கள் எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் எழுதியிருந்தார்கள். இவர் மட்டும் மூன்று இடத்தில் “இது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதுவேன்” என்று போட்டிருந்தார். இவரைத்தான் எடுத்தேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்பவரால் வரும் சேதத்தைத் தூரத்தில் இருந்து சரிசெய்ய முடியாது.

சேர்ந்தவுடன் நான் செய்த முதல் காரியம், ஒரு எட்டுக்குப் பத்து ஜமுக்காளம், ஒரு ஜோடி பெட்ஷீட், இரண்டு துண்டு எல்லாவற்றையும் கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பியது. வைத்துக்கொள்ளுங்கள், விரியுங்கள், துவையுங்கள் என்றேன். பொருள் விற்பவர்கள் உதவியாளர் வைத்தால் இதை அவசியம் செய்யுங்கள். “தடிமன் எப்படி இருக்கும்?”, “துவைத்தால் சாயம் போகுமா?”, “விளிம்பு சுருளுமா?” என்று வரும் கேள்விக்கெல்லாம் கையால் தொட்டுப் பார்த்தவர் சொல்லும் பதில் தனியாகத் தெரியும். பெங்களூரில் இருந்து ஒருவர், வீட்டு விசேஷத்துக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார். அளவைச் சொல்லி நிறுத்தாமல், இவர் தன் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, பெரியவர்களையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். கேட்டலாக்கில் நாங்கள் காசு கொடுத்து எடுத்த படங்களைவிட அந்த மாதிரிப் படத்துக்குத்தான் இன்றைக்கும் ஆர்டர் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமுக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. “அங்கே குறைவாகத் தருகிறார்களே” என்று கேட்பவருக்கு நிதானமாக விளக்கத் தெரிய வேண்டும். அதற்காக இவரை வீடியோ காலில் தறிக்குழி வரை கூட்டிப்போய்க் காட்டினேன். நெசவாளர் ஒருவர் நூலைப் பிடித்துக் காட்டி, கோடு எப்படி விழுகிறது என்று அவரிடமே சொன்னார். அதன்பிறகு விலை பற்றிய கேள்வி எதுவும் என்னிடம் வருவதில்லை.

இனி அந்த எழுதிக் கொடுத்த விஷயம். நாங்கள் அதை ‘கைப்புத்தகம்’ என்கிறோம். ஒரு கூகுள் டாக்ஸ் கோப்புதான். நான் உட்கார்ந்து எழுதவில்லை, எனக்கு அதற்கு நேரமும் வராது. ஒவ்வொரு சிக்கல் வரும்போதும் என்ன செய்வது, ஏன் அப்படிச் செய்வது என்று வாய்ஸ் மெசேஜில் சொல்வேன். அவர் அதைக் கேட்டு எழுதி வைப்பார், நான் படித்துத் திருத்துவேன். ஒரு பகுதி இப்படிப் போகிறது: பெட்ஷீட்டில் இழை பிரிந்திருக்கிறது என்று புகார் வந்தால் முதலில் போட்டோ கேட்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் அது முடிச்சுப் போடாமல் விட்ட நுனி, நறுக்கிவிடலாம் என்று சொல்ல வேண்டும். நடுவில் என்றால் நம் தவறு, மாற்றித் தர வேண்டும். 600 ரூபாய்க்கு உட்பட்ட பொருள் என்றால் பழையதைத் திருப்பிக் கேட்க வேண்டாம், திரும்பி வரும் கொரியர் செலவுக்கே அது சரியாகிவிடும். அதற்கு மேல் என்றால் என்னைக் கேட்க வேண்டும்.

அந்த 600 ரூபாய் வரம்புதான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் வாரங்களில் “அக்கா, இதை என்ன பண்ணட்டும்?” என்று நாள் முழுக்கக் கேள்விகள் வரும். வரம்பு வைத்த பிறகு, சாயங்காலம் ஆர்டர்களை எழுதி வைக்கும் கம்ப்யூட்டர் ஷீட்டைத் திறந்தால் “மாற்றி அனுப்பியாச்சு, காரணம்: நடு இழை” என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். சில சமயம் நானாக இருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பேன் என்று தோன்றும். அப்போதும் அவர் வாடிக்கையாளரிடம் சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டேன். அடுத்த முறைக்குக் கைப்புத்தகத்தில் ஒரு வரி சேர்ப்போம்.

பண விஷயம். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டோ யூபிஐ பின்னோ அவரிடம் கிடையாது, கேட்டதும் கிடையாது. ஆனால் பணம் வந்ததா என்று தெரியாமல் ஆர்டரை உறுதி செய்ய முடியாதே. போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிச் சரக்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பெரிய ஆர்டருக்குப் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) லிங்க் அனுப்புகிறோம். அதில் பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கு ஒன்று அவருக்கு இருக்கிறது. கேட்வேக்கு எங்களுக்கு 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகிறது, போகட்டும். சின்ன ஆர்டருக்கு யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு ஷீட்டில் போட்டுவிடுவார். நான் மதியம் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டு டிக் போடுவேன். டிக் விழாமல் தம்பி கட்டுப் போட மாட்டார்.

இன்ஸ்டாகிராமுக்கும் பாஸ்வேர்ட் கொடுக்கத் தேவையில்லை. இன்ஸ்டாகிராம் நிறுவனமே தரும் மெட்டா பிசினஸ் சூட்டில் அவரைச் சேர்த்து அனுமதி கொடுத்தால் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் என் போனில் இருக்கிறது. இணைக்கப்பட்ட சாதனமாக அவர் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. எப்போது வேண்டுமானாலும் நான் துண்டிக்கலாம். வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒரே ஷீட்டில் இருக்கும், டவுன்லோடு செய்து தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சின்னக் கடைதானே என்று நம் வாடிக்கையாளர் விவரத்தை அலட்சியமாக வைக்கக் கூடாது.

நான் எதிர்பார்க்காத லாபம் கொரியர் பில்லில் இருந்து வந்தது. கொரியர்காரர்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து ஒரு கன அளவு எடை கணக்கிடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். நாலு கிலோ ஜமுக்காளத்தை 50க்கு 40க்கு 15 என்று தளர்வாகக் கட்டினால் ஆறு கிலோவுக்கு பில் வரும். இவர் பில்லையும் எங்கள் ஷீட்டையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்து, “அக்கா, நாலு கிலோ கட்டுக்கெல்லாம் ஆறு கிலோ போட்டிருக்காங்க” என்று கண்டுபிடித்தார். தம்பியிடம் பேசி, இறுக்கி மடித்து 45க்கு 35க்கு 12க்குள் அடக்கச் சொன்னார். இப்போது கன அளவு எடை நாலு கிலோவுக்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டையும் அளவு டேப் வைத்து, தராசில் வைத்து ஒரு போட்டோ எடுக்கிறோம். தவறாகப் பில் வந்தால் அந்தப் படத்தோடு இவரே ஆட்சேபம் போடுகிறார். இதை நான் வேலையாகக் கொடுக்கவே இல்லை. அவருக்கு பில்லைப் பார்க்கும் அனுமதி இருந்ததால் நடந்தது.

கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரையும் அனுப்பும் முன் ஒரு போன் செய்து உறுதி செய்கிறார். பின்கோடு ஊரோடு ஒத்துப்போகிறதா, கதவு எண் இருக்கிறதா, வாங்க ஆள் இருப்பார்களா என்று. வாங்காமல் திரும்பி வரும் பார்சலுக்குப் போக வர இரண்டு பக்கச் செலவும் நம் தலையில். அது கண்கூடாகக் குறைந்துவிட்டது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் விற்பனைப் பட்டியலைத் தமிழ்நாடு, வெளிமாநிலம் என்று பிரித்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு) போட வேண்டுமே என்ற பதற்றம் வீட்டில் இப்போது இல்லை.

சரிவராதவையும் உண்டு. சரக்கு இருப்பைத் தூரத்தில் இருந்து எண்ண முடியாது. ஷீட்டில் ஆறு இருக்கும், அலமாரியில் நாலுதான் இருக்கும், இல்லாததை விற்றுவிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி எண்ணி அலமாரியைப் படம் எடுத்து அனுப்புவது என்று வைத்த பிறகும் தீபாவளி நேரத்தில் இது நடக்கத்தான் செய்கிறது. இந்தியில் பேசும் வாடிக்கையாளர்களை இன்னும் நாங்கள்தான் பார்க்கிறோம். அவர் ஊரில் மழைக்காலத்தில் மின்சாரம் போனால் இன்டர்நெட்டும் போகும், மொபைல் டேட்டாவில் ஓட்டுவார். அவர் லீவு போடும் நாட்களில் கைப்புத்தகத்தை வைத்துக்கொண்டு என் தங்கை பார்க்கிறாள். புதியவர் ஒருவர் படித்து அன்றைக்கே வேலையை ஓட்ட முடிகிறதா என்பதுதான் அந்தப் புத்தகத்துக்குப் பரீட்சை.

“இப்போதுதான் சாட்ஜிபிடி வந்துவிட்டதே, ஆள் எதற்கு?” என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் பொருள் விவரம் எழுத இவரே அதைப் பயன்படுத்துகிறார், நன்றாக வருகிறது. ஆனால் மகள் கல்யாணத்துக்கு ஜமுக்காளம் கேட்டு, தேதி நெருங்கிவிட்டதே என்று பதறும் அம்மாவிடம் பேச ஒரு மனுஷி வேண்டும். இவர் பேசுகிறார், நாளைக்கு எந்த ஊர் வரை பார்சல் வந்திருக்கும் என்று சொல்கிறார், மறுநாள் தானே கூப்பிட்டும் சொல்கிறார்.

சம்பளம்: 9,000 ரூபாயில் ஆரம்பித்தோம், இப்போது 14,000. ஒன்றாம் தேதி வங்கியில் போட்டுவிடுவோம். இன்டர்நெட் பில்லில் பாதி எங்களுடையது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். வீட்டில் இருந்து செய்கிற வேலைதானே என்று குறைத்துக் கேட்பவர்களைப் பார்க்கிறேன், எனக்கு அது கோபம் வருகிற விஷயம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தன் மேசை, தன் கம்ப்யூட்டர், தன் கரண்ட் எல்லாம் போட்டு வேலை செய்கிறார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தவிர, இரண்டு மணிக்கு மேல் நான் அவரைக் கூப்பிடுவதில்லை. அவசரம் என்றால் ஷீட்டில் எழுதி வைப்பேன், காலையில் பார்ப்பார்.

புதிதாக ஆள் வைக்க நினைப்பவர்கள் முதல் மாதம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். கொரியர் கண்காணிப்பை மட்டும் கொடுங்கள். தினமும் இருக்கும் வேலை, தவறு நடந்தாலும் பெரிய நஷ்டம் வராது, உங்கள் வாடிக்கையாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்கும் பிடிபடும். அந்த மாதத்திலேயே அவர் எத்தனை ரூபாய் வரை தானே முடிவு செய்யலாம் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். 200 ரூபாயாக இருந்தாலும் போதும்.