உணவகமா, வீட்டுச் சாப்பாடா?

நண்பர்கள் நாலு பேர் கூடிச் சாப்பிடுவதென்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, எங்கே என்பதுதான். உணவகம் என்றால் யாரும் அடுப்படியில் வியர்க்க வேண்டாம். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வரலாம். ஆளுக்கொரு ருசி என்றாலும் சிக்கல் இல்லை. ஆனால் பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத்தான் பில் வந்து மேசையில் உட்காரும். கொஞ்சமாகச் சாப்பிட்டவரும் சமபங்கு கொடுக்க வேண்டுமா என்ற சங்கடம் வேறு.

வீட்டில் அந்த அவசரம் கிடையாது. யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாது என்றால், எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சமைத்தவரையே கேட்டுவிடலாம். சுமை முழுவதும் ஒருவர் தலையில் விழுவதுதான் குறை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, அழைத்தவர் மட்டும் கரண்டியும் கையுமாக நிற்பார். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தால் இது தீரும். முன்கூட்டிப் பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று பேர் இனிப்போடு வந்து நிற்பார்கள்! சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதும் அரட்டையில் மறந்துபோகும்.

புதிதாகப் பழகியவர்கள் என்றால் உணவகத்தையே சொல்வேன்; பேச்சு ஓடாவிட்டால் கிளம்புவது சுலபம். பழைய நண்பர்கள் என்றால் வீடுதான். ஒருவர் பாத்திரம் தேய்க்க, இன்னொருவர் துடைக்க, தொட்டியருகே நின்றபடி வரும் பேச்சு எந்த உணவக மேசையிலும் எனக்கு வாய்த்ததில்லை.