பாலம் முடியும் இடத்தில் எதைப் போடுவது: ப்ரீகாஸ்ட் பேனலா, அங்கேயே ஊற்றும் கான்கிரீட்டா?

பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி ‘தடக்’ என்று குதித்தால் பழி பாலத்தின் மேல்தான் விழுகிறது. உண்மையில் பாலம் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. பைல் மேல், அதாவது ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்கள் மேல், நிற்கும் அபட்மென்ட் (பாலத்தின் முனையைத் தாங்கும் சுவர்) இறங்குவது மிகக் குறைவு. அதன் முதுகுப்பக்கம் கொட்டி நிரப்பிய மண்தான் வருடக்கணக்கில் அமுங்குகிறது. மழைநீர் புகுந்து அந்த மண்ணை அரித்தால் அடியில் பொந்தும் விழுகிறது. அமெரிக்கப் பாலங்களில் ஏறத்தாழ கால்வாசிக்கு, அதாவது சுமார் 1,50,000 பாலங்களுக்கு, இந்தக் கோளாறு இருப்பதாக 1997-இல் அங்கே வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

இறங்காத பாலத்தையும் இறங்கும் மண்ணையும் இணைப்பது அப்ரோச் ஸ்லாப். அதன் ஒரு முனை அபட்மென்ட் மேல் உட்காரும், மறுமுனை சாலைப் பக்கத்து மண்ணில். இந்த ஸ்லாபை மாற்ற வேண்டும், போக்குவரத்தையும் அதிக நாள் நிறுத்த முடியாது என்றால் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன.

பழகிய வழி, அங்கேயே கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, ஈரம் காத்து ஆறவிடுவது. இதைக் குறைத்துப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊற்றும் கான்கிரீட் கீழே என்ன மேடுபள்ளம் இருந்தாலும் அதன் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஸ்லாபும் தரையும் முழுக்க ஒட்டி உட்காரும். பாலம் சாலைக்குக் கோணலாக இருந்தாலும் பலகையடித்து ஊற்றிவிடலாம். வேலை தெரிந்த ஆட்களும் எங்கும் கிடைப்பார்கள். ஒரே குறை நாள். வண்டி விடுமளவுக்கு வலு வரச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். பாதிப் பாதியாகச் சாலையை மூடி வேலை செய்தால் அந்தக் காத்திருப்பு இரண்டு மடங்கு.

இரண்டாவது, சீக்கிரம் இறுகும் சிமென்ட். கால்சியம் சல்ஃபோஅலுமினேட் வகைக் கலவைகள் சில மணி நேரத்திலேயே வண்டி தாங்கும். ராத்திரி மூடி விடியலில் திறக்கலாம். ஆனால் கலவை கையில் நிற்கும் நேரமும் அதே அளவுக்குக் குறைவு. லாரி கொஞ்சம் தாமதமானாலோ, வெயில் ஏறினாலோ, மேற்பரப்பைச் சரியாகத் தேய்த்து முடிப்பதற்குள் இறுகிவிடும். ஸ்லாபின் ஆயுள் முழுவதும் அந்த ஒரு ராத்திரியின் கைத்திறனை நம்பி நிற்கிறது. சிறிய ஒட்டுவேலைக்கு நல்ல வழி. முழு அப்ரோச்சுக்கு நான் தயங்குவேன்.

மூன்றாவது, எஃகு இழைகளால் இழுத்துக் கட்டாத சாதாரண ப்ரீகாஸ்ட் பலகைகள், அதாவது வேறிடத்தில் முன்பே வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பலகைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து டவல் கம்பியால், அதாவது இரு பலகைக்குள்ளும் நுழைந்து நிற்கும் குட்டைக் கம்பியால், கோக்கிறார்கள். சாலை நடுவில் உடைந்த பலகையை மாற்ற இது போதும். பாலத்தின் முனையில் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு இணைப்பும் நீர் இறங்கும் வாசல், அங்கே முதல் எதிரியே நீர்தான்.

நான்காவதுதான் முன்தகைவு கொடுத்த பேனல். தொழிற்சாலையில் எஃகு இழைகளை இழுத்துப் பிடித்தபடி கான்கிரீட் ஊற்றுகிறார்கள்; இறுகியதும் இழையை விட்டால் அது சுருங்கப் பார்த்து கான்கிரீட்டை அழுத்துகிறது. பேனலுக்குள் வெற்றுக் குழாய்களும் விடப்படுகின்றன. தளத்தில் பேனல்களை வரிசையாக வைத்த பிறகு, அந்தக் குழாய்கள் வழியே இழைகளைக் கோத்து ஜாக் வைத்து இழுத்து, குழாய்க்குள் கிரவுட் (ஓடும் பதத்தில் உள்ள சிமென்ட் கலவை) நிரப்புகிறார்கள். தனித்தனிப் பேனல்கள் இறுக்கப்பட்டு ஒரே ஸ்லாப் ஆகின்றன.

அப்ரோச்சுக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் வேகம் இல்லை என்பது என் கருத்து. அடியில் பொந்து விழுந்தால் ஸ்லாப் அந்த இடத்தில் உத்தரம் போல வளைய வேண்டியிருக்கும், அடிப்பக்கம் இழுபடும். சாதாரண கான்கிரீட் அங்கே விரிசல் விடும். முன்தகைவு கொடுத்த ஸ்லாபில் அந்த இழுவை முதலில் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தீர்க்க வேண்டும், அப்புறம்தான் விரிசல். அதிகச் சுமை ஏறி மெல்லிய விரிசல் திறந்தாலும், சுமை போனதும் இழைகள் அதை மூடிவிடும். மண் அமுங்கும் இடத்தில் இது பெரிய தெம்பு.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஷெல்டன் ஊருக்கு அருகே நெடுஞ்சாலை 60-இல் 2006-இல் இதைச் செய்து பார்த்தார்கள். இரு திசையிலும் இழைகளை இழுத்துக் கட்டி, ஸ்லாபை அபட்மென்ட்டோடு பிணைத்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் இரட்டைப் பாலத்துக்கு அங்கேயே ஊற்றிய ஸ்லாப் என்பதால் இரண்டையும் கருவி வைத்து அருகருகே கண்காணிக்க முடிந்தது. ஸ்லாபும் பாலமும் சேரும் இடத்தில் சேதம் தென்படவில்லை, இரண்டுக்கும் நடுவே விலகலும் பதிவாகவில்லை. வெயிலில் பாலம் நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் ஸ்லாபும் கூடவே நகர்கிறது; இந்த நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் விடும் இடைவெளியான விரிவு இணைப்பு அபட்மென்ட்டை விட்டுத் தள்ளிப் போகிறது, கசிவும் அங்கிருந்து தள்ளிப் போகிறது. பேனல், ஊற்றியது இரண்டிலும் இந்தப் பிணைப்பு வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெருமை பேனலுக்கு மட்டும் உரியதல்ல.

சரி, பேனல் எங்கே சறுக்கும்? படுக்கையில். தட்டையான அடிப்பக்கம் கொண்ட கனமான பலகை, தரையில் ஓரிடம் தூக்கலாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தாங்கிக்கொண்டு நிற்கும். கிரேனில் தொங்கும்போது கச்சிதமாகத் தெரிந்த பேனல் கீழே வைத்ததும் ஒரு மூலை ஆடும். அதனால் ஜல்லிப் படுக்கையை மட்டம் பார்த்துத் தேய்ப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதன் மேல் உராய்வைக் குறைக்க பாலிதீன் விரிப்பு. பேனல்களை இறுக்கிய பிறகு மிச்ச இடைவெளிக்குக் கிரவுட். குழாய்வாய்கள் நேர்க்கோட்டில் வராவிட்டால் இழை உள்ளே போகாமல் முட்டும். வாய்களைச் சுற்றி வளையம் சரியாக உட்காராவிட்டால் கிரவுட் இணைப்பில் வழிந்துவிடும். பேனலை வார்க்கும் அச்சில் விட்ட சிறு பிசகும் தளத்தில் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும். பாலம் கோணலாக இருந்தால் கடைசிப் பேனலுக்குத் தனி அச்சு வேண்டும்.

பின்னாளில் வரும் ஒரு சிக்கலையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஸ்லாபைத் துளைத்துக் கீழே கிரவுட்டோ நுரையோ செலுத்த நேர்ந்தால், இழுவையில் நிற்கும் இழையை வெட்டிவிடக் கூடாது. இழைகள் ஓடும் இடத்தைக் காட்டும் வரைபடம் பராமரிப்பவர் கையில் இருந்தாக வேண்டும். துளைகளை வார்க்கும்போதே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

முதல் செலவு பேனலுக்குத்தான் அதிகம். ஒற்றைப் பாலம், மாற்றுப்பாதை இருக்கிறது, நாட்களும் இருக்கின்றன என்றால் ஊற்றும் ஸ்லாபையே போடுங்கள். மிச்சப்படும் பணத்தை மண் இறுக்கத்துக்கும் வடிகாலுக்கும் கொடுங்கள். ஒரே மாதிரியான பல பாலங்கள், திருப்பிவிட இடமில்லாத போக்குவரத்து, பாதிச் சாலையை மட்டும் மூட முடிந்த நிலை என்றால், ஒரு வழித்தட அகலப் பேனல்களை இரு கட்டமாக வைத்து, கடைசியில் குறுக்கே இழுத்துக் கட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பேன். அப்போதும் டெண்டரில் பேனலுக்கு எழுதும் அதே கண்டிப்போடு படுக்கையின் மட்டத்துக்கும், அபட்மென்ட் பின்னாலிருக்கும் மண்ணின் இறுக்கத்துக்கும் அளவு எழுதி, சோதனை முடியாமல் கிரேனைத் தளத்துக்குள் விடக் கூடாது என்று சேர்ப்பேன்.