தமாலேவுக்கு எந்த மாவு: பொட்டலமா, ஆலையா, வீட்டில் அவித்து அரைத்ததா?

மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, சோள மடலிலோ வாழையிலையிலோ மடித்து ஆவியில் வேகவைக்கும் மெக்சிகோ உணவு தமாலே. அதை வீட்டில் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பூரணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். காய்ந்த சிவப்பு மிளகாய் விழுதில் வெந்த பன்றி இறைச்சி வைப்பதா, பச்சைத் தக்காளி போன்ற தொமத்தியோ காயின் புளிப்பில் ஊறிய கோழி வைப்பதா, பாலாடைக்கட்டியும் வாட்டிய மிளகாய்க் கீற்றும் வைப்பதா என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் வெந்து முடிந்த தமாலேயில் பெரும்பங்கு மாவுதான். நல்ல மாவு சுமாரான பூரணத்தைத் தாங்கிக்கொள்ளும். மாவு சரியில்லாவிட்டால் எந்தப் பூரணமும் கை கொடுக்காது. எனவே இந்த அலசலை மாவோடு நிறுத்திக்கொள்கிறேன். மெக்சிகோவில் ‘மாசா’ எனப்படும் அந்த மாவுக்கு மூன்று வழிகள் உள்ளன: பொட்டலத்தில் வரும் உலர் மாவான மாசா ஹரினா, ஆலையில் அன்றன்று அரைத்து விற்கும் ஈர மாவு, மக்காச்சோளத்தை நாமே சுண்ணாம்பு நீரில் அவித்து அரைப்பது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வசிப்பதால் மூன்றும் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றிலும் செய்து பார்த்துவிட்டு, தமாலேவுக்கு மூன்றாவது வழியிலேயே நிலைத்துவிட்டேன்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. உலர்ந்த மக்காச்சோளத்தை நீர்த்த சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, அதே நீரில் இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். சுண்ணாம்பு மணியின் மேல்தோலைக் கரைத்துத் தளர்த்துகிறது, அரைத்த மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் தன்மையைத் தருகிறது, மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமினை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. அவித்து ஊறிய இந்தச் சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஊர்களில், அதையே முதன்மை உணவாக உண்ட ஏழைகளை, நியாசின் பற்றாக்குறையால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. வட இத்தாலியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களும் அதற்குச் சாட்சி. கடையில் கிடைக்கும் வெறும் மக்காச்சோள மாவு இந்தப் போட்டியில் சேராததற்கும் இதுவே காரணம். அதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் உதிரும் கூழ்தான் கிடைக்கும், மாசா கிடைக்காது.

முதலில் பொட்டல மாவு. நிஷ்டமாலை அரைத்து, உலர்த்தி, சலித்துப் பொடியாக்கியதே மாசா ஹரினா. இதைப் பெருந்தொழிலாக வளர்த்தது, 1949இல் மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் உள்ள செர்ரால்வோவில் தொடங்கிய குரூமா நிறுவனம்; அதன் மாசேகா பொட்டலத்தை இன்று அமெரிக்காவின் பெரும்பாலான பலசரக்குக் கடைகளில் பார்க்கலாம். இதன் வசதிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை: எப்போதும் கிடைக்கும், அளவு மாறாது, அரை மணி நேரத்தில் மாவு தயார். வாங்கும்போது ‘தமாலேவுக்கு’ என்று தனியாகக் குறித்திருக்கும் பொட்டலத்தையே வாங்க வேண்டும், ஏனெனில் அது சற்றுக் கரகரப்பாக அரைத்தது. தோர்த்தியா என்னும் மெல்லிய சோள ரொட்டிக்கான நுண்ணிய மாவில் செய்த தமாலே வெந்தபின் பசைபோல அடைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான இறைச்சிச் சாற்றை ஊற்றிப் பிசைந்து, இருபது நிமிடமாவது மூடி வைத்தால்தான் உலர்ந்த துகள்கள் ஈரத்தை முழுமையாக வாங்கிக்கொள்ளும். குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: உலர்த்தும் சூட்டில் சோளத்தின் மணம் கணிசமாகப் போய்விடுகிறது. மிளகாய் மிகுந்த சிவப்புப் பூரணம் வைத்தால் அது அவ்வளவாகத் தெரியாது. பாலாடைக்கட்டி வைத்த தமாலேயிலும், பூரணமே இல்லாத வெறும் தமாலேயிலும் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆலை மாவு. தோர்த்தியா சுடும் கடைகளில் இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது: கொழுப்பும் உப்பும் சேர்த்து அடித்தது ஒன்று, எதுவும் சேர்க்காதது மற்றொன்று. இரண்டாவதை வாங்குவதே நல்லது. முதலாவதில் என்ன கொழுப்பு, எவ்வளவு கொழுப்பு என்பது நம் கையில் இல்லை. சோளத்தைத் தாங்களே அவித்து அரைக்கும் கடை வீட்டருகே இருந்து, அவர்கள் தமாலேவுக்கென்று கரகரப்பாக அரைத்தும் தருவார்களானால், நான் இங்கே சொல்லப்போகும் உழைப்புக்கு அவசியமே இல்லை. ஆனால் எல்லாக் கடைகளும் அப்படி இல்லை. பொட்டல மாவையே குழைத்து ஈர மாவாக விற்கும் கடைகளும் உள்ளன. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். டிசம்பரில் மெக்சிகோ வேர்கள் கொண்ட குடும்பங்கள் கூடி உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் தமாலே கட்டும் காலத்தில் இந்தக் கடைகளின் வாசலில் வரிசை நீண்டுவிடும். ஈர மாவு வெளியில் இருந்தால் மறுநாளே புளிக்கத் தொடங்கும்; குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். நமக்கு நேரம் கிடைக்கும் நாளில் செய்ய முடியாது, மாவு கிடைக்கும் நாளில்தான் செய்ய முடியும்.

இனி வீட்டு நிஷ்டமால். இதற்கு இனிப்புச் சோளமும் ஆகாது, பாப்கார்ன் சோளமும் ஆகாது. முற்றி உலர்ந்த, மாவுச்சத்து மிகுந்த வயல் சோளம்தான் வேண்டும். மத்திய மெக்சிகோவில் தமாலேவுக்குப் பெயர்பெற்றது, பெரிய வெள்ளை மணிகளும் மென்மையான உள்ளீடும் கொண்ட ககாவசிந்த்லே. அது கிடைக்காத இடத்தில் சாதாரண வெள்ளைச் சோளமே போதும். ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பத்து கிராம் நீர்த்த சுண்ணாம்புத் தூள் என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் அது ஈரக் களிம்பாக இருப்பதால் நிறுத்துப் போட முடியாது, சிலவற்றில் நிறமும் வாசனையும் கலந்திருக்கும். ஆகவே மெக்சிகோ கடைகளில் சமையலுக்கென்றே விற்கும் உலர் தூளை வாங்குவதுதான் பாதுகாப்பு. அலுமினியப் பாத்திரம் சுண்ணாம்போடு வினைபுரியும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. மெல்லிய கொதியில் முக்கால் மணி நேரம் போல வேகவிட்டு, ஒரு மணியை நறுக்கிப் பார்த்து, நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் வேகாமல் எஞ்சியிருந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். மறுநாள் காலையில் மஞ்சள் நீரை வடித்து, மணிகளைக் கையால் தேய்த்துக் கழுவினால் வழுவழுப்பான தோல் உரிந்துவரும். இதில் நம் கைவேலை மிகக் குறைவு. பெரும்பகுதி நேரம் பாத்திரம்தான் வேலை செய்கிறது.

எல்லாரும் தயங்கி நிற்கும் இடம் அரைப்பது. என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுதான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் நிஷ்டமால் அரைப்பது வீண்முயற்சி என்று சொல்கிறவர்கள் தோர்த்தியாவை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அந்த அளவில் அவர்கள் சொல்வது உண்மை. தோர்த்தியாவுக்கான மாவு களிமண்போல வழுவழுப்பாகவும், அதே சமயம் நீர் குறைந்து கெட்டியாகவும் இருக்க வேண்டும்; இந்த இரண்டும் சேர்ந்து அமைவது எரிமலைக் கல் பொருத்திய ஆலைக்குத்தான் எளிது. தமாலே அப்படிக் கேட்பதில்லை. அதற்கு இட்லி ரவை போன்ற குருணைப் பதமே சிறந்தது, ஏனெனில் குருணைக்கு நடுவே கொழுப்பும் காற்றும் தங்கி, ஆவியில் வேகும்போது மாவு இலேசாக எழும்பிப் பூத்து வருகிறது. ஆலைக்கு இணையாக நம்மால் அரைக்க முடியாது என்ற குறை, தமாலேவைப் பொறுத்தவரை குறையே அல்ல.

ஆனால் எந்தக் கருவியில் அரைத்தாலும் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தமாலே மாவு இறுதியில் ஏற்கும் ஈரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த ஈரம் முழுவதும் பன்றியோ கோழியோ வெந்த சாறாக இருந்தால்தான் மாவுக்குள் சுவை இறங்கும். அரைக்கும்போது ஊற்றும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் பின்னால் அதே அளவு சாற்றின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. மிக்ஸி தண்ணீர் ஊற்றாமல் சுற்றவே சுற்றாது, ஆகவே அது ஒத்துவராது. கோவையில் உருவான நம் வெட் கிரைண்டரை அமெரிக்காவில் நிஷ்டமால் அரைக்கும் சிலர் தேடி வாங்குகிறார்கள். அருமையாக அரைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் ஈர மாவுக்கென்றே செய்யப்பட்டது, கல் தடையின்றி உருளத் தண்ணீர் கேட்கும், போதாக்குறைக்குத் தமாலேவுக்குத் தேவையானதைவிட நைசாக அரைத்துவிடும். கிரைண்டர்தான் இருக்கிறது என்றால், தண்ணீருக்குப் பதில் ஆறவைத்து மேற்கொழுப்பை எடுத்துவிட்ட சாற்றையே சிறிது சிறிதாக விட்டு, குருணை தெரியும்போதே நிறுத்திவிடலாம். ஃபுட் பிராசசர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சிறு சிறு பங்காகப் போட்டு, அவ்வப்போது வழித்துவிட்டால், மிகக் குறைந்த சாற்றிலேயே நல்ல குருணை கிடைக்கும்.

நான் பயன்படுத்துவது கொலம்பியாவின் கொரோனா வகையைச் சேர்ந்த வார்ப்பிரும்புக் கை ஆலை. மேசை விளிம்பில் திருகி மாட்டி, கைப்பிடியைச் சுற்றி அரைப்பது. ஒரு துளித் தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஒரே ஓட்டத்தில் தமாலேவுக்கு வேண்டிய பதம் வந்துவிடுகிறது. ஒரு கிலோ உலர் சோளம் ஏறத்தாழ இரண்டு கிலோ மாவாகும், அதில் 40 தமாலே வரை கட்டலாம். தோள் வலிக்கும் வேலைதான், மறுக்கவில்லை. வீட்டில் இன்னொருவர் கை மாற்றினால் எளிதாகிவிடும். பராமரிப்பில் கண்டிப்பு வேண்டும்: அரைத்தவுடன் தட்டுகளைக் கழற்றித் தூரிகையால் கழுவி, துணியால் துடைத்து, சூடான அடுப்பருகே முழுவதும் உலர்த்த வேண்டும். இடுக்கில் மாவு தங்கினால் புளித்து நாறும், ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். மெத்தாத்தே என்னும் கல் அம்மியில் நான் அரைத்ததில்லை, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மாவு கைக்கு வந்தபின் மூன்று வழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கிலோ மாவுக்கு 300 கிராம் பன்றிக் கொழுப்பு. அதை வெளுத்து இலேசாகும்வரை அடித்து, மாவும் சாறும் உப்பும் மாறி மாறிச் சேர்த்து, ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த நீரில் போட்டால் மிதக்கும்வரை அடிக்க வேண்டும். பன்றி ஸ்பானியர்களோடு வந்த விலங்கு. அதற்கு முந்தைய தமாலேகளில் இந்தக் கொழுப்பு இல்லை. சைவர்கள் அறைவெப்பத்தில் உறைந்து நிற்கும் தாவரக் கொழுப்பைப் பயன்படுத்தலாம். மிதக்கும் பதம் அதிலும் வருகிறது, ஆனால் சுவையைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் அதில் செய்ததில்லை. மடிப்பதற்கு ஊறவைத்த உலர் சோள மடல். ஓஹாகாவிலும் யுகத்தானிலும் விரும்பும் வாழையிலை என்றால் தணலில் வாட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் ஆவியில் வெந்தபின் மடல் ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

ஆறு பேருக்குள் ஒரு வேளைக்கு என்றால் பொட்டலத்தையே பரிந்துரைப்பேன். அந்த அளவுக்காகக் கை ஆலையைக் கழுவி உலர்த்துவது கட்டுப்படியாகாது. மெழுகு மணிகளைப் போலப் பார்க்க அழகாக இருந்தாலும் எப்போது விளைந்தது என்று தெரியாத பழஞ்சோளம் மட்டும்தான் கடையில் கிடைக்கிறது என்றாலும் அப்படியே. மற்றபடி கிறிஸ்துமஸுக்கோ, பிப்ரவரி 2 கந்தெலாரியா விழாவுக்கோ பெரிய பானை ஏற்றுகிறவர்கள் வீட்டு நிஷ்டமாலுக்கு ஒருநாள் முன்னதாகவே சோளத்தை அடுப்பில் ஏற்றிவிடலாம். வடித்துக் கழுவிய மணிகளை அரைக்காமல் உறையவைத்தும் சேமிக்கலாம், நேரம் வாய்க்கும் நாளில் எடுத்து அரைத்துக்கொள்ளலாம். கொழுப்பைச் சேர்க்கும் முன் ஒரு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்துவைத்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, இலவங்கப்பட்டையும் கருப்பட்டி போன்ற பிலொன்சியோவும் மெக்சிகோ சாக்லேட்டும் சேர்த்துக் கட்டியில்லாமல் காய்ச்சினால், தமாலேவோடு குடிக்கும் சம்புராதோவும் அதே சோளத்திலிருந்து கிடைத்துவிடும். கொழுப்பும் உப்பும் கலந்து விற்கும் கடை மாவில் அதற்கு வழியில்லை.