ஒரே செம்புக் கம்பி: டயல்-அப், ஐஎஸ்டிஎன், ஏடிஎஸ்எல்

வீட்டுத் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக இணையம் வந்த மூன்று வழிகள்தான் டயல்-அப், ஐஎஸ்டிஎன், ஏடிஎஸ்எல். முதலில், தொலைபேசி அழைப்பு போட்டு இணையத்தில் சேரும் டயல்-அப். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியதுதான் மோடம். கணினியின் 0, 1-ஐ ஒலியாக்கி அனுப்பும். வந்த ஒலியைத் திரும்ப 0, 1 ஆக்கும். டயல்-அப்பில் இந்த வேலையெல்லாம் பேச்சுக்கென்று ஒதுக்கிய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான சந்துக்குள் நடந்தாக வேண்டும். இணைப்பு கிடைக்கும்போது கேட்கும் அந்தக் கீச்சும் கரகரப்பும் இரண்டு மோடங்கள் பேரம் பேசும் சத்தம்.

இங்கேதான் பாட், பிட் குழப்பம். ஒரு நொடியில் சமிக்ஞை எத்தனை முறை மாறுகிறது என்பது பாட். எத்தனை பிட் (அதாவது 0 அல்லது 1) போகிறது என்பது வேகம். பழைய 300 பாட் மோடத்தில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட்தான், அதனால் இரண்டும் ஒன்று. வி.22பிஸ் என்ற மோடம் தரம் வந்தபோது 600 பாட்தான், ஆனால் ஒவ்வொரு மாற்றமும் 4 பிட் சுமந்தது: நொடிக்கு 2400 பிட். அதைப் போய் '2400 பாட் மோடம்' என்றே பலரும் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

1998-இல் வந்த வி.90 தரத்தில் இறக்கம் (இணையத்திலிருந்து நமக்கு) நொடிக்கு 56 கிலோபிட், ஏற்றம் (நம்மிடமிருந்து இணையத்துக்கு) 33.6. இறக்கத்தில் அதற்கு மேல் போக வழியில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8000 முறை, 8 பிட்டாக அளக்கிறது. ஆக மொத்தக் குழாயே 64 கிலோபிட்தான்.

அந்த 64-ஐ முழுசாக வீடு வரை டிஜிட்டலாகவே கொண்டுவந்தது ஐஎஸ்டிஎன். அப்படி இரண்டு தடம், சேர்த்தால் 128. அழகான ஏற்பாடு, ஆனால் வேகத்தில் பெரிய தாவல் இல்லை. ஒலியாக மாற்றும் வேலையே இல்லாததால் அதன் பெட்டியை மோடம் என்பதும் சரியல்ல.

ஏடிஎஸ்எல் செய்தது வேறு. சந்து குறுகல் என்பது எக்ஸ்சேஞ்சின் கட்டுப்பாடு, கம்பியின் குறை அல்ல. பேச்சைக் கீழே விட்டுவிட்டு, 26 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை தரவை ஓட்டினார்கள். முதல் தலைமுறையிலேயே 8 மெகாபிட் வரை. அப்புறம், பேசிக்கொண்டே இணையமும் பார்க்கலாம். டயல்-அப்பில் அடுத்த அறையில் யாராவது ரிசீவரை எடுத்தாலே இறங்கிக்கொண்டிருந்த கோப்பு அம்பேல்.

என் ஓட்டு ஏடிஎஸ்எல்லுக்குத்தான், தூரம் குறைவாக இருந்தால். உயர் அதிர்வெண் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிய வீட்டில் ஏடிஎஸ்எல் திணறும். குரல் அழைப்பு தெளிவாகக் கேட்டால் அங்கேயும் டயல்-அப் ஓடும்.