டாம் லின்: பழைய காட்டிலா, இன்றைய நகரத்திலா?

தேவதைகளின் அரசியிடம் சிக்கிய டாம் லினை அவன் காதலி ஜேனட் மீட்கிற கதை, ஸ்காட்லாந்தின் பழைய பாடல் ஒன்றில் வருவது. அதை இன்று எப்படிச் சொல்வது? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கதையை அதன் மண்ணிலேயே விடுவது. செல்கர்க் ஊருக்குப் பக்கத்தில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் கார்ட்டர்ஹா காடு. ஹாலோவீன் நடுநிசி. தேவதைகளின் ஊர்வலம் வருகிறது. ஜேனட் தன் காதலன் டாம் லினைக் குதிரையிலிருந்து இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். தேவதைகளின் மாயத்தால் அவன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். அவள் பிடியை விடவில்லை. 1796-இல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வழியாக அச்சேறிய பாடலில் இந்த இடம் மூச்சுமுட்ட வைக்கும்.

இன்னொன்று, இன்றைய கிளாஸ்கோ நகரத்துக்குக் கொண்டுவருவது. குதிரைக்குப் பதில் கார், தேவதை அரசிக்குப் பதில் போதைமருந்துக் கும்பல். ஜேனட் கர்ப்பிணி, கருவைக் கலைக்கச் செடி பறிக்கப் போனவள் என்பதை இதில் தயங்காமல் பேசலாம். அது பழைய பாடலிலேயே இருக்கிற விஷயம்தான். ஆனால் உருமாற்றம் வெறும் உவமையாகச் சுருங்கிவிடும். ஏழாண்டுக்கு ஒருமுறை தேவதைகள் நரகத்துக்குக் கட்டும் வரி, இந்த முறை அந்த வரியாகப் பலியாகப் போவது தானோ என்ற டாம் லினின் பயம், இவற்றுக்கு நகரத்தில் ஈடு கிடைப்பது கஷ்டம்.

மேடையில் வாய்விட்டுச் சொல்ல என்றால் எனக்கு முதல் வழிதான். நாவல் எழுதுபவர் இரண்டாவதைத் துணிந்து எடுக்கலாம், சிங்கத்தை மட்டும் நிஜச் சிங்கமாகவே விட்டுவைத்தால்.