விடுதி அறைக்குச் சத்தமில்லாத கேமிங் கணினி: மூடிய கேபினட்டா, வலைமுகக் கேபினட்டா?

அக்கா மகன் பெங்களூருவில் பொறியியல் படிக்கிறான். விடுதியில் இருவர் தங்கும் அறை. உடன் இருப்பவன் இரவு பத்தரைக்கெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் ரகம்; இவன் அதற்குப் பிறகுதான் விளையாட உட்காரும் ரகம். "கேம் நன்றாக ஓட வேண்டும் மாமா, ஆனால் சத்தமே வரக்கூடாது" என்று ஒரே மூச்சில் இரண்டு நிபந்தனை வைத்தான். பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கி, பூட்டிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எதை எடுத்தேன், எதை விட்டேன், ஏன் என்று சொல்கிறேன். விலைகளை எழுதப்போவதில்லை. 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, இன்று எழுதும் விலை அடுத்த மாதம் எதற்கும் உதவாது என்பது தெரியும்.

முதலில், பரிசீலனைக்கு வந்த வேகத்திலேயே விலகியவை. கேமிங் லேப்டாப் வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போக உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெல்லிய உடம்புக்குள் இருக்கும் சின்ன விசிறிகள் வெகு வேகமாகச் சுழன்றால்தான் சூடு வெளியேறும். ஆட்டம் தொடங்கியதும் சீறத் தொடங்கிவிடும். அறைத்தோழன் இரண்டு கெஜ தூரத்தில் தூங்குகிறான் என்றால் இது சரிவராது. இன்னொன்று, தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 8600ஜி போன்ற பிராசஸரை வைத்தே ஓட்டுவது. வேலரன்ட் மாதிரி இலகுவான ஆட்டங்கள் மட்டும் போதுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குங்கள். சத்தம் போடும் முக்கியமான பாகமே அதில் இல்லை. எங்கள் வீட்டுப் பையன் அத்தோடு நிற்கிறவன் அல்ல.

ஆக, போட்டி பாகங்களை அடக்கும் பெட்டியில், அதாவது இரண்டு வகைக் கேபினட்டுகளுக்கு இடையில் வந்து நின்றது. ஒன்று, முன்பக்கமும் மேல்பக்கமும் மூடி, உட்புறத்தில் ஒலியை உறிஞ்சும் பட்டைகள் ஒட்டிய வகை. ஃபிராக்டல் நிறுவனத்தின் டிஃபைன் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதவை மூடும்போது கார் கதவு மாதிரி 'டப்' என்று கேட்கும். கைக்குக் கனம், கண்ணுக்கு லட்சணம். இன்னொன்று, முகம் முழுக்கக் கம்பிவலையாகத் திறந்திருக்கும் வகை. கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ மாதிரி. சத்தம் வரக்கூடாது என்றால் யாருக்கும் முதலில் கை நீளுவது மூடிய பெட்டியின் பக்கம்தான். நான் வலைமுகத்தின் பக்கம் சாய்ந்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

காரணம், சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்பதில் இருக்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் ஒலி ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். மறுபுறம், ஒரே வேகத்தில் ஓடும் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதாவது வேகமாக ஓடும் ஒரு விசிறியைவிட மெதுவாக ஓடும் மூன்று விசிறிகள் எவ்வளவோ மேல். மெதுவான விசிறிக்கோ தள்ளும் பலம் குறைவு. எதிரே தடை இருந்தால் திணறும். மூடிய முகத்தின் ஓரத்தில் விட்டிருக்கும் ஒடுக்கமான இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க அது வேகத்தைக் கூட்டியாக வேண்டும். போதிய காற்று உள்ளே வராவிட்டால் கிராபிக்ஸ் கார்டு சூடாகித் தன் விசிறிகளையும் விரட்டும். பிறகு அந்தச் சத்தத்தைப் பட்டைகள் அடக்க முயலும். அவையும் கீச்சென்ற உயர்ந்த ஒலியை ஓரளவு விழுங்குமே தவிர, தாழ்ந்த 'ம்ம்ம்' ஒலியைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை ஒன்றும் செய்துவிடாது. அதுவும் பின்புறத் துளைகள் வழியாகச் சுவரில் மோதி அறைக்குள்ளேயே திரும்பும்.

பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே, மூடிய பெட்டியே தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போன ஊர் இது. ஏசி இல்லாத, மேற்குப் பார்த்த சன்னல் உள்ள விடுதி அறையில் மார்ச் மாத மாலையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. குளிர் இன்னொரு வகையில் வினையாகிறது. சென்னை விடுதியில் ஆண்டு முழுவதும் மின்விசிறி தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டே இருக்கும். அதன் கீழே எந்தக் கணினியும் ஊமைதான். பெங்களூருவில் டிசம்பர் இரவில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் கணினியின் சின்ன முனகல்கூடத் துல்லியமாகக் கேட்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், இரண்டுமே புதிதாக இருக்கும்போது வித்தியாசம் பெரிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சும்மா இணையம் பார்க்கும் நேரத்தில் மூடிய பெட்டி ஒரு படி கூடுதலாகவே அமைதியாக இருக்கலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது தூசி.

இந்த நகரத்தில் எந்தத் தெருவிலும் ஏதோ ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது; சாலையைத் தோண்டாத வாரமில்லை. ஏசி இல்லாத அறை என்பதால் சன்னல் திறந்தே கிடக்கும். கேபினட்டின் முன்வடிகட்டியில் முதலில் ஒரு சாம்பல் பூச்சு படியும். கொஞ்ச நாளில் அது விரலால் சுரண்டினால் நூலோடும் தலைமுடியோடும் சுருண்டு வரும் அளவுக்குத் தடித்துவிடும். காற்று வரும் வழி அடைபட, விசிறிகள் தாமாகவே வேகத்தைக் கூட்டும். வாங்கிய நாளில் கேட்காத கணினி, செமஸ்டர் முடிவதற்குள் கேட்கத் தொடங்குவது இப்படித்தான். பழசாகிவிட்டது என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள். பல நேரங்களில் அது வெறும் தூசி.

ஆகவே நான் கடையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வடிகட்டியை எப்படிக் கழற்றுவது? பத்தொன்பது வயதுப் பையன் திருப்புளி தேடி எடுத்து, பெட்டியைக் கவிழ்த்து, கொக்கிகளை விடுவித்துத் தூசி துடைப்பான் என்று நம்ப நான் தயாராக இல்லை. முன்முகத்தைக் கையால் இழுத்தால் வந்துவிட வேண்டும். குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, திரும்பப் பொருத்தினால் தீர்ந்தது. நான் வாங்கிய வலைமுகக் கேபினட்டில் அது நடக்கிறது. கடையில் பார்த்த மூடிய பெட்டிகளில், கதவைத் திறந்து, உள்ளே இன்னொரு சட்டத்தை நெம்பித்தான் வடிகட்டியை எடுக்க முடிந்தது. எல்லா மூடிய கேபினட்டும் அப்படியென்று சொல்ல மாட்டேன். நான் திறந்து பார்த்தவை சிலவே. பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே இருக்கும் வடிகட்டி எந்தப் பக்கம் வழுக்கி வருகிறது என்பதையும் பாருங்கள். பின்பக்கம் வருமென்றால், மேசையும் கட்டிலும் சுவரும் நெருக்கும் விடுதி அறையில் நான்கு ஆண்டுக்கும் அது வெளியே வரப்போவதில்லை.

உள்ளே படிந்த தூசியை ஊதி எடுக்கும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுகாற்றில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்; பிறகு கரகரப்பு வரும். அது துடைத்தாலும் போகாது. கேபினட்டைத் தரையில் வைக்கவும் கூடாது. விடுதியில் பெருக்குகிறவர் தள்ளும் தூசி நேராக அதன் வாய்க்குள்தான் போகும். ஒரு முக்காலியில் வைத்து, கீழே பழைய யோகா பாயின் துண்டைப் போட்டோம். இரும்பு மேசையின் மேல் வைத்தால் மேசையே சேர்ந்து அதிரும். அதற்கும் இந்தத் துண்டுதான் மருந்து.

வலைமுகத்திலும் ஒரு பொறி உண்டு. எஸ்.பி. ரோட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல கேபினட்டுகளில் வண்ண விளக்கு மின்னும் மூன்று நான்கு விசிறிகளை இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்கள். அவற்றின் வயரை நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் செருக வேண்டியிருக்கும். பாகங்களை இணைக்கும் மதர்போர்டால் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. எப்போதும் முழு வேகம்தான். கடையின் இரைச்சலில் இது காதில் விழாது. விடுதியில் முதல் இரவே விழும். அவற்றைக் கழற்றிவிட்டு ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மாதிரி மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நான்கு ஊசி விசிறிகளைப் போட்டால், நிமிடத்துக்கு 1800 சுற்று வரை போகக்கூடிய அவற்றை 600, 700 சுற்றில் அடக்கி ஓட்டலாம். ஜொலிப்பு போனதில் மருமகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கிராபிக்ஸ் கார்டில் என் கணக்கு வாட்டை வைத்துத்தான். ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட். ஆர்எக்ஸ் 7600 என்றால் 165 வாட். பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட். ஆனால் அதன் 12 ஜிபி நினைவகம் ஒரு ஈர்ப்பு, மற்ற இரண்டும் 8 ஜிபியோடு நிற்கின்றன. ஒவ்வொரு வாட்டும் பெட்டிக்குள் சூடாக இறங்கி, ஒரு விசிறியால் வெளியே தள்ளப்பட வேண்டியது. 50 வாட் குறைகிறது என்றால் அவ்வளவு வேலை மிச்சம். அதனால் 4060, அதிலும் சூட்டை உறிஞ்சும் பெரிய ஹீட்சிங்க்கோடு இரட்டை விசிறி வைத்த மாடல்; சூடு குறைவாக இருக்கும்போது அதன் விசிறிகள் முற்றிலும் நின்றுவிடும். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060, 145 வாட் கேட்கிறது. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, புதிதாக வாங்குகிறவர்கள் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்தக் கார்டானாலும் இரண்டு வேலை செய்யுங்கள். மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். எங்களுக்கு ஆட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கார்டு விநாடிக்கு எத்தனை பிரேம் (திரைக்காட்சி) வரைகிறது என்பதற்கும், மானிட்டரால் விநாடிக்குக் காட்ட முடிகிற அளவோடு நிற்கும்படி ஒரு கடிவாளம் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஆட்டத்தின் மெனு திரையில்கூடக் கார்டு ஆயிரக்கணக்கில் பிரேம் தள்ளி, அதன் காயில்கள் (கம்பிச்சுருள்கள்) கொசு ரீங்காரம்போல் ஒரு ஒலி எழுப்பும். எந்தப் பட்டையும் எந்த விசிறியும் அதைத் தீர்க்காது.

பிராசஸர் ரைசன் 5 7600. 65 வாட் ரகம். உள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால், கார்டு வாரன்டிக்குப் போனாலும் அசைன்மென்ட் நிற்காது. கூடவே வரும் சின்னக் கூலர் சூட்டைத் தாங்கும், சத்தத்தைத் தாங்காது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட கோபுரக் கூலர் ஒன்றைப் போட்டோம். வாங்குமுன் கேபினட்டின் அகலத்தில் அது அடங்குமா என்று அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் குளிர்விப்பானைக் கடைக்காரர் விடாமல் பரிந்துரைத்தார். அதில் பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடும். கணினி சும்மா இருக்கும்போதும் அதன் முணுமுணுப்பு இருக்கும். ஆண்டுக்கொரு முறை அறை மாற்றும்போது தூக்கிச் சுமக்கிற பெட்டிக்குள் நீர்க்குழாய் எதற்கு? நெடுநாள் அனுபவத்தில் சொல்வதல்ல இது, 65 வாட் பிராசஸருக்கு அது அனாவசியம் என்ற கணக்கில் சொல்வது.

விசிறி வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தூங்குகிறவனை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம்தான். ஒரு கோப்பைத் திறந்ததும் பிராசஸர் ஒரு கணம் சூடாகும், விசிறி 'வ்ரூம்' என்று ஏறி இறங்கும். பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இந்த ஏற்றத்துக்குச் சில விநாடி தாமதம் வைக்கலாம். அதை வைத்து, பிராசஸரின் சூடு 65 டிகிரியைத் தொடும் வரை ஒரே சீரான வேகத்தில் விசிறி ஓடும்படி செய்துவிட்டோம். காசு செலவில்லாமல் கிடைத்த அமைதி இதுதான்.

எஸ்எம்பிஎஸ் 550 வாட் தாராளம். மொத்த இழுவையே 300 வாட்டுக்குள் அடங்குகிறது. பாதிச் சுமையில் ஓடுவதால் அதன் விசிறிக்கும் அவசரமில்லை. சேமிப்புக்குச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும். ஹார்ட் டிஸ்க்கின் கடகட ஒலிக்கு இடமில்லை. யுபிஎஸ் வாங்கும்போது, 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் என்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியம், மின்சாரம் போனதும் எழும் 'பீப்' ஒலியை நிறுத்திவைக்க முடியுமா என்பது. இத்தனை பாடுபட்டு ஊமையாக்கிய கணினியை நள்ளிரவு மின்வெட்டில் அந்தப் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

மூடிய கேபினட் யாருக்கு என்று கேட்டால், ஏசி அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு, ஆட்டத்தைவிட எழுத்தும் படத்தொகுப்பும் அதிகம் உள்ளவர்களுக்கு, தாமே சுத்தம் செய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு. அவர்களிடம் நான் வாதாட மாட்டேன்.

கடைசியாக விசைப்பலகை. நீல ஸ்விட்ச் மெக்கானிக்கல் கீபோர்டு ஒவ்வொரு தட்டலுக்கும் 'டிக்' என்று சொல்லும். இத்தனை பாகங்களும் சேர்ந்து போடாத சத்தத்தை அது ஒன்றே போட்டுவிடும். சிவப்பு ஸ்விட்ச் பரவாயில்லை, சாதாரண ரப்பர் கீபோர்டு அதைவிட மேல். கடையில் இரண்டையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் அறைத்தோழனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.