பரிசு 10 லட்சம் என்றார்கள், செயலியையே எடுத்துக்கொண்டார்கள்

சென்னைப் பொறியியல் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும், பழைய மகாபலிபுரம் சாலை ஐடி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களிடமும் மறுபடி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதுமையான மொபைல் செயலி உருவாக்குவோருக்கு 10 லட்சம் ரூபாய் வரை பரிசு என்கிறது அது. இதே ஆட்கள் சென்ற முறை வேறு பெயரில் நடத்திய போட்டியில் எங்கள் குழு இறுதிச் சுற்றுவரை போய் இரண்டாம் பரிசும் வாங்கியது. பரிசுப் பணம் இன்றுவரை வரவில்லை. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய கட்டணமும் வரவில்லை. செயலி மட்டும் வேறு பெயரில், வேறு ஆள் கணக்கில் ப்ளே ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது.

நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேலை செய்த விதத்தை எழுதத் தடை ஏதும் இல்லை.

முதலில் லாரித் தண்ணீரை அளக்கும் எங்கள் செயலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்ககத்தில். கோடையில் தண்ணீர் லாரி இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது லாரிக்காக ராத்திரி விழித்திருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 12,000 லிட்டர் என்று சொல்லி வருகிற லாரி உண்மையில் எவ்வளவு ஊற்றிவிட்டுப் போகிறது என்று யாரும் அளப்பதில்லை. அளப்பதோ சுலபம். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி) 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால், 12,000 லிட்டர் விழுந்ததும் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏற வேண்டும். முக்கால் மீட்டர்தான் ஏறியது என்றால் 3,000 லிட்டருக்குக் கணக்கு இல்லை. காவலாளி லாரி வருவதற்கு முன்னும் பின்னும் சம்ப் சுவரில் வரைந்த அளவுகோலைப் படம் எடுக்கிறார். செயலி கணக்குப் போட்டுச் சங்கச் செயலாளருக்கு அனுப்புகிறது. மாதக் கடைசியில் பில்லோடு ஒப்பிடலாம். நானும் அலுவலகத் தோழி ஒருவரும், இறுதியாண்டு படிக்கும் என் தம்பியும் சேர்ந்து செய்தது இது.

இதில் நான் மிகவும் பெருமைப்படும் பகுதி எங்கள் யோசனையே அல்ல. தண்ணீர் இறங்கும்போதே மேல்தொட்டிக்கு மோட்டார் ஓடினால் கணக்கு தப்பிவிடும் என்று சொன்னவர் எங்கள் காவலாளி அண்ணன். அதனால் முதல் படம் எடுக்கும் முன்பு "மோட்டாரை நிறுத்தியாயிற்றா?" என்று செயலி கேட்கும். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

போட்டி விதிகளை நாங்கள் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் பதிவு செய்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை. செயலியின் ஏபிகே கோப்பும் (போனில் நிறுவும் கோப்பு) ஒரு சிறு காணொளியும் கொடுத்தால் போதும். படைப்பின் உரிமை உருவாக்கியவர்களிடமே இருக்கும். விளம்பரத்துக்காகப் பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் நடத்துநர் பயன்படுத்தலாம். முறையான போட்டிகளில் வழக்கமாக இருப்பதுதான். தம்பி அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக எடுத்து வைத்தான். நானும் தோழியும் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கினோம். வேலையில் இருப்பவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். பணியின் அங்கமாகச் செய்த நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் முதலாளிதான்.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதாக மின்னஞ்சல் வந்தபின் எல்லாம் மாறியது. செயலியைக் காட்டும் அரங்கு (ஸ்டால்) அமைக்க ஒவ்வொரு குழுவும் 7,500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் கட்டணம் திருப்பித் தரப்படும். தொழில்நுட்பப் பரிசீலனைக்காக மூல நிரல் (சோர்ஸ் கோட்) முழுவதையும் ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் 48 மணி நேரக் கெடு. விசாரித்தபோது தொலைபேசியில் ஒருவர், "மேடம், எந்தப் போட்டியிலும் நடுவர்கள் நிரலைப் பார்க்காமல் பரிசு கொடுக்க மாட்டார்கள்" என்றார். அது ஓரளவு உண்மையும்கூட. பல போட்டிகளில் நடுவர்கள் நிரலைப் பார்ப்பதுண்டு. பாதி உண்மையைக் கொண்டு மீதிப் பொய்யை நகர்த்துவதில் அந்த மனிதருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

நிகழ்ச்சி நாளின் குளறுபடியைப் பற்றி ஒரு பாரா எழுதாவிட்டால் என் மனம் ஆறாது. அரங்கம் இருந்தது கேளம்பாக்கம் பக்கம். தென் மாவட்ட மாணவர்களுக்குப் போன மின்னஞ்சலில் கிளாம்பாக்கம் என்று இருந்தது. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கிய பிள்ளைகள், பக்கத்தில்தான் அரங்கம் என்று நினைத்து மூட்டை முடிச்சோடு தேடியிருக்கிறார்கள். அங்கிருந்து வண்டலூர் சாலை வழியாகக் கேளம்பாக்கம் வந்து சேர்வதற்குள் இரண்டு குழுக்களின் நேரம் கடந்துவிட்டது. கட்டணம் கட்டியிருந்தும் அவர்களை மேடையேற்றவில்லை. அரங்கு என்று சொன்னது ஒரு மேசை, துணி விரிப்பு, பாதி நேரம் வேலை செய்யாத வைஃபை. நடுவர்களில் ஒருவர் மட்டும் செயலியைக் கையில் வாங்கிப் பார்த்து நல்ல கேள்விகள் கேட்டார். மற்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இரண்டாம் பரிசு என்று எங்கள் பெயரை வாசித்தார்கள். ஆளுயர அட்டைக் காசோலையில் 3 லட்சம் என்று எழுதியிருந்தது. பிறகு வந்த மின்னஞ்சலில் அந்த 3 லட்சம் பிரிந்தது. பெரும்பகுதி கிளவுட் சேவைக்கான (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி) கூப்பன்கள். மீதி, அவர்களே நடத்தும் பயிற்சி வகுப்பில் கட்டணச் சலுகையும் 'வழிகாட்டல் அமர்வுகளும்'. கையில் வரும் பணம் பூஜ்யம். கிளவுட் கூப்பனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கூகுள் கிளவுட் புதிதாகக் கணக்குத் தொடங்கும் யாருக்கும் 300 டாலர் அளவுக்குச் சோதனைப் பயன்பாட்டை இலவசமாகவே தருகிறது. எல்லாருக்கும் கிடைப்பதை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு அதற்கு லட்சத்தில் விலை எழுதியிருந்தார்கள்.

முதல் பரிசு வாங்கிய குழுவுக்கு நடந்தது இதைவிடக் கேவலம். நான்கு பேரும் மாணவர்கள். அவர்களில் ஒரு தம்பி எனக்குத் தொலைபேசியில், "அக்கா, 30 சதவீத வரியை முதலில் நாங்கள் கட்டினால்தான் பரிசுப் பணத்தை விடுவிப்பார்களாம்" என்றான். வரி கட்ட அவர்கள் அனுப்பிய யுபிஐ முகவரி ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பணமாகத் தரும் பரிசுக்கு வரி பிடித்தம் உண்டென்றால், கொடுப்பவரே அதைப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்திவிட்டு மீதியைத் தருவார். பிடித்தம் வருமான வரித்துறையின் தளத்தில் உங்கள் பெயரிலேயே தெரியும். வென்றவன் முன்பணமாக யாரோ ஒருவரின் கைபேசிக்கு வரி அனுப்பும் வழக்கம் இந்த நாட்டில் இல்லை. அந்தப் பிள்ளைகள் கட்டவில்லை. கட்டாததையே காரணம் காட்டி அவர்களுடைய பரிசை ரத்து செய்துவிட்டார்கள்.

செயலி திருட்டு தெரியவந்தது எங்கள் சர்வரில். சோதனை அளவில் எங்கள் சுற்றுவட்டார அடுக்ககங்கள் சிலவற்றுக்கு மட்டும்தான் செயலியைக் கொடுத்திருந்தோம். ஒருநாள் பதிவேட்டில் அம்பத்தூர், மணலி, ஆவடி அடுக்ககங்களின் பெயர்கள் வரிசையாக விழுந்தன. ப்ளே ஸ்டோரில் தேடியதும் கிடைத்தது. சின்னமும் நிறமும் பெயரும் புதியவை. உள்ளே போனால் புதிய சம்ப் சேர்க்கும் பக்கத்தில் மாதிரியாக நிரப்பியிருந்த நீளமும் அகலமும் எங்கள் அடுக்ககத்துச் சம்பின் அளவு, சென்டிமீட்டர் பிசகாமல். அடுத்த திரையில் "மோட்டாரை நிறுத்தியாயிற்றா?" சர்வர் முகவரியை மாற்றும் அளவுக்குக்கூட நிரலைப் படித்துப் பார்க்காத சோம்பேறித்தனம். அதுவே எங்களைக் காப்பாற்றியது. முகப்பில் வரும் அறிவிப்பு வரி எங்கள் சர்வரிலிருந்து போவதுதான். ஆகவே இந்தச் செயலி அனுமதியின்றி எடுக்கப்பட்ட நகல் என்று அதே இடத்தில் எழுதிவைத்தோம். அவர்களுடைய செயலி அதை அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கே காட்டியது. தோழி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடத்தியவர்களிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "விதிகளில் இருக்கிறது, இறுதிச் சுற்றுக்கு வந்த படைப்புகளின் எல்லா உரிமைகளும் நடத்துநருக்கே." இணையத்தில் பார்த்தால் உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருந்தது. தம்பி எடுத்து வைத்த பழைய கோப்பில் அது இல்லை. புதிய கோப்பின் விவரப் பகுதியில் அதை உருவாக்கிய தேதி, நாங்கள் நிரல் அனுப்பியதற்குப் பிந்தையது. இந்திய பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. அந்த உரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதானால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. பின்னால் செருகிய விதி எங்கள் கையொப்பம் ஆகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். யோசனைக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. லாரித் தண்ணீரை அளக்கும் செயலியை வேறு எவரும் சொந்தமாக எழுதலாம். எழுதிய நிரலையும் திரைகளையும் எடுத்ததுதான் குற்றம். அதனால்தான் அந்தச் சம்ப் அளவும் மோட்டார் வரியும், நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் தேதிவாரியாக இருந்த எங்கள் மாற்றங்களும் கைகொடுத்தன. எல்லாவற்றையும் இணைத்து ப்ளே ஸ்டோரில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தோம். நகல் நீக்கப்பட்டது. அவர்கள் எதிர்ப்பு மனு போடவில்லை.

செயலிப் போட்டி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. 2007-இல் கூகுள் ஆண்ட்ராய்டை அறிவித்தபோது 1 கோடி டாலர் பரிசோடு நடத்திய போட்டியின் முதல் சுற்றுக்கு 1,788 செயலிகள் வந்தன. 50 குழுக்களுக்குத் தலா 25,000 டாலர் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். இங்கே 2020 ஜூலையில் மத்திய அரசு நடத்திய ஆத்மநிர்பர் செயலிப் போட்டிக்கு 6,940 பதிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பரிசுகள் 20, 15, 10 லட்சம் ரூபாய் என்று முன்கூட்டியே வெளியிட்டார்கள். 2017 முதல் நடக்கும், கொடுத்த சிக்கலுக்கு மாணவர்கள் தீர்வு காணும் ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தானில் எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு பரிசு, யார் கொடுத்த சிக்கல் என்பதெல்லாம் பதிவு செய்யும் முன்பே தெரியும். நல்ல போட்டிக்குப் பரிசு கொடுப்பவரின் பணப்பைதான் திறந்திருக்கும். பங்கேற்பவரின் பணப்பையைத் திறக்கச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

எனக்கு இப்போது பழக்கமாகிவிட்ட சோதனைகளைச் சொல்கிறேன். ரசீதில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பாருங்கள். 15 எழுத்துகள் இருக்க வேண்டும். எங்கள் ரசீதில் 14. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் முதல் இரண்டு இலக்கம் 33. அடுத்த பத்தும் பான் எண். ஆகவே முழு எண்ணில் ஆறாவது எழுத்து சி என்றால் நிறுவனம், பி என்றால் தனி ஆள். 'தனியார் நிறுவனம்' என்று பலகை மாட்டியவரின் எண்ணில் பி இருந்தால் கேள்வி கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும், காசு செலவில்லை. நிரலைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவருக்கு உங்கள் கணினியில், உங்கள் முன்னால் காட்டுங்கள். மொத்தக் கோப்பையும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: பணம் போன உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் சொல்லுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தூரமாகக் கொண்டுபோகும். அரங்குக் கட்டணம் போன்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நெல்லைப் பிள்ளைகள் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் கிடையாது. அதே போட்டியில் கட்டணம் கட்டியவர்கள் ரசீதையும், பணம் போன யுபிஐ முகவரி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும், பழைய விதிக் கோப்பு இருந்தால் அதையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்குள் சேர்த்துக் கொடுத்தால் ஆணையத்தில் காட்ட உதவும் என்று வழக்கறிஞர் சொல்கிறார்.